பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கேக்க முதல்ல தண்ணி போற வழியைப் பாருங்கோ

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியள்ல கனக்க ஒரே பக்கமாத்தான் நிக்குது. வெயில் வரப்போகுது, கூரை மடிக்கிற பழைய ரெண்டு சீற் கார் ஒண்டு வாங்க ஆசை, மலிவாக் கிடக்கு, என்னத்தைப் பாத்து வாங்கிறது? அதால மற்றக் கேள்வியளை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போட்டு இதையே எடுத்திருக்கிறன். கூடக் கேட்டிருக்கிறது மஸ்டா எம்எக்ஸ்-5, அதுக்கு அடுத்தது போர்ஷ் பொக்ஸ்ரர். ரெண்டும் நான் கையால கழட்டிப் பூட்டின கார்கள், தெரிஞ்சதை எழுதுறன்.

கேள்வி: அண்ணை, மகனுக்கு 24 வயசு. 1999ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5 ஒண்டு, 1.8 எஞ்சின், 88 ஆயிரம் மைல் ஓடினது, 2,400 பவுண் எண்டு போட்டிருக்கு. வேலைக்கும் அதிலதான் போகப்போறானாம். எனக்குக் காரைப் பற்றி ஒண்டும் தெரியாது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பாத்தால் காணுமோ? (ஹரோ வாசகர்)

பதில்: எஞ்சினைக் கடைசியாப் பாருங்கோ அண்ணை. வீட்டை விட்டு வெளிக்கிட முதலே செய்யிற வேலை ரெண்டு இருக்கு, ரெண்டுக்கும் காசு இல்லை, கார் நம்பர் மட்டும் காணும்.

ஒண்டு, யூலெஸ், அதாவது புகை கூட விடுற வாகனத்துக்கு லண்டனில அறவிடுற நாள் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29இல இருந்து லண்டனின்ர எல்லாப் பகுதிக்கும் அது வந்திட்டுது, ஹரோவும் அதுக்குள்ளதான். பெற்றோல் கார் எண்டால் யூரோ 4 எண்ட புகைத் தரம் இருக்கோணும், பொதுவா 2006இல இருந்து வந்த கார்கள் தப்பும், அதுக்கு முதல் வந்ததுகளிலயும் சிலது தப்பும், ஆனா 1999 எண்டால் பெரும்பாலும் மாட்டுப்படும். ஒரு நாளைக்கு 12 பவுண் 50 பென்ஸ். மாசம் 20 நாள் வேலைக்குப் போனால் 250 பவுண், பத்து மாசத்தில காரின்ர விலையைவிடக் கூடப் போயிடும். அதால லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின்ர இணையப் பக்கத்தில நம்பரை அடிச்சுப் பாத்திட்டு மிச்சத்தைக் கதையுங்கோ. தினமும் ஓடத்தான் வேணும் எண்டால் 2005 கடைசியில இருந்து 2015 வரை வந்த மூண்டாவது தலைமுறை எம்எக்ஸ்-5இல 2006க்குப் பிறகு ஒண்டைத் தேடச் சொல்லுங்கோ. அதில ரைமிங் பெல்ற் (எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் ஓட்டுற ரப்பர் பட்டி) இல்லை, செயின், அது ஒரு செலவு மிச்சம். 24 வயசுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு எண்டதையும் காரைப் பாக்கப் போக முதலே கேட்டு வையுங்கோ, வாங்கின பிறகு கேட்டுத் தலையில கை வச்சவையைக் கண்டிருக்கிறன்.

ரெண்டாவது எம்ஓரி வரலாறு, எம்ஓரி எண்டால் கார் வீதியில ஓடத் தகுதியோ எண்டு வருசா வருசம் பாக்கிற சோதனை. அரசாங்கத்தின்ர பக்கத்தில நம்பரைக் குடுத்தால் வருசா வருசம் என்ன மைல், பாஸோ ஃபெயிலோ, ரெஸ்ரர் என்ன குறிப்பு எழுதினவர் எல்லாம் வரும். மைல் ஏறி வந்திருக்கோ எண்டு மட்டும் பாத்திட்டு மூடாதேங்கோ. அந்தக் குறிப்புகளைக் கதை மாதிரி வரிசையா வாசியுங்கோ. ஒரு வருசம் பின்பக்கம் லேசான கறள் எண்டு எழுதியிருப்பார், அடுத்த வருசமும் அதே, அதுக்கு அடுத்த வருசம் கறள் எண்ட கதையே இருக்காது. கறள் தானா மாறாது. வெட்டி வெல்டிங் செய்த பில் இருந்தால் சந்தோசம், பில் இல்லையெண்டால் கறுப்புப் பூச்சை அடிச்சு மூடியிருக்கினம் எண்டுதான் எடுக்கோணும்.

இனிக் காருக்குக் கிட்டப் போவம். துணிக்கூரையில விழுற மழைத்தண்ணி எங்க போகுது? சீற்றுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை இருக்கு, அதுக்குள்ளால இறங்கிப் பின்சில்லுக்குக் கொஞ்சம் முன்னால காருக்குக் கீழ விழோணும். மரத்துக்குக் கீழ நிண்ட கார் எண்டால் இலையும் மண்ணும் போய் அந்த ஓட்டை அடைஞ்சிடும். அடைஞ்சால் தண்ணிக்குப் போக வேற வழி ரெண்டுதான், ஒண்டு சீற்றுக்குப் பின்னால கார்ப்பெற்றுக்குள்ள, மற்றது கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி மாதிரிப் பாகத்துக்குள்ள. அதைத்தான் கராஜில 'சில்' எண்டு சொல்லுறது. வெளியில பெயிண்ற் மினுங்கும், உள்ளுக்கு வருசக்கணக்கா ஈரம் நிண்டு உள்ளுக்குள்ளயிருந்து தின்னும். எம்எக்ஸ்-5 சாகிறது எஞ்சினால இல்லை, இதாலதான்.

அதால ஒரு போத்தில் தண்ணி கொண்டுபோங்கோ. கூரையைப் பாதி திறந்து வச்சு அந்த ஓட்டைப் பக்கமா மெல்ல மெல்ல ஊத்துங்கோ, மகனைக் கீழ குனிஞ்சு பாக்கச் சொல்லுங்கோ. பின்சில்லுக்கு முன்னால உடனே ஒழுகி விழோணும். விழேல்லை எண்டால், இல்லாட்டி நிண்டு நிண்டு சொட்டினால், எனக்கு அந்தக் காரில பாதி ஆசை போயிடும். பிறகு பின்சில்லுக்கு முன்னால ஒரு சாண் இடத்தை விரல் மொளியால தட்டிக்கொண்டு முன்னுக்கு வாங்கோ. இரும்பு 'டங் டங்' எண்டும், ஃபில்லர், அதாவது ஓட்டையை மூட அப்புற பசை, 'தொப் தொப்' எண்டும், காது பழகாட்டியும் வித்தியாசம் விளங்கும். துணியில சுத்தின சின்னக் காந்தம் ஒண்டு வச்சிருந்தால் இன்னும் நல்லது, இரும்பில ஒட்டும், ஃபில்லரில வழுக்கி விழும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. 2008இல நான் முதன்முதல் வாங்கின எம்எக்ஸ்-5 கடும் நீலம். வித்தவர் நான் போக முதலே எஞ்சினைச் சூடாக்கி, கூரையைத் திறந்து விட்டிட்டு நிண்டவர். நான் அரை மணித்தியாலம் பொனற்றுக்குள்ளதான் தலையை விட்டுக்கொண்டு நிண்டன். நாலு மாசம் கழிச்சு எம்ஓரிக்கு ஏத்தினால், ரெஸ்ரர் கதவுக்குக் கீழ ஒரு தட்டுத் தட்ட, கறுப்புப் பூச்சோட ஒரு துண்டு கழண்டு நிலத்தில விழுந்துது. உள்ளுக்கு ரோச் அடிச்சுப் பாத்தால் இரும்பு இல்லை, கசக்கின பேப்பரை அடைச்சு அதுக்கு மேல ஃபில்லர் அப்பி, வடிவாத் தேச்சுப் பெயிண்ற் அடிச்சிருந்தது. ரெண்டு பக்கமும் வெட்டி ஒட்ட, காருக்குக் குடுத்ததில பாதிக்காசு பிறகும் போச்சு. அண்டைக்கு ஒரு போத்தில் தண்ணியோட போயிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

1998இல இருந்து 2005 வரை வந்த ரெண்டாவது தலைமுறையில, அதாவது மகன் பாக்கிற காரில, இன்னொரு இடமும் இருக்கு. முன்பக்கம் எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் ஓடுற சட்டம், அது ரெண்டு தகடு சேர்ந்தது, நடுவில ஈரம் பிடிச்சு உள்ளுக்குள்ளயே கறள் ஏறும். கீழ பிளாஸ்ரிக் தட்டு மூடியிருக்கிறதால எம்ஓரியிலயும் தப்பலாம், ஏனெண்டால் ரெஸ்ரர் மூடியைக் கழட்டிப் பாக்கிறேல்லை. காசு குடுக்க முதல் ஏதாவது ஒரு கராஜில ஏத்தி அந்தத் தட்டைக் கழட்டிப் பாக்கக் கேளுங்கோ. விக்கிறவர் அதுக்கு மாட்டன் எண்டால் நீங்களும் மாட்டன் எண்டு சொல்லிட்டு வாங்கோ.

எஞ்சினைச் சுருக்கமாச் சொல்லுறன், அது நல்ல எஞ்சின். போன உடனே பொனற்றில கையை வையுங்கோ, குளிரா இருக்கோணும், சூடாக்கி வச்சிருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ. முதல் தலைமுறைக் கார் எண்டால், குளிரில ஸ்ராட் பண்ணேக்க மேல 'டக் டக்' எண்டு கொஞ்ச நேரம் அடிச்சுப் பேந்து நிண்டால் பயமில்லை, அது ஒயில் வால்வுப் பக்கம் ஏற எடுக்கிற நேரம், புது ஒயில் போட்டால் பெரும்பாலும் குறையும். ரெண்டாம் கியர் குளிரில இறுக்கமா விழுறது எம்எக்ஸ்-5இல வழமைதான், சூடான பிறகும் கறகறத்தால்தான் பிரச்சினை. கிளச் பெடல் மெத்தை மாதிரி அமுங்கினால் கியர்பொக்ஸ் பக்கத்தில இருக்கிற சின்னச் சிலிண்டர் ஒழுகுது, மலிவான சாமான். ரெஸ்ற் ட்ரைவ் முடிஞ்சு இறங்கின உடனே நாலு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கோ, தொடாதேங்கோ, சுடும். பின்சில்லு ஒண்டு மட்டும் மற்றதைவிட அனல் அடிச்சால் அந்தப் பக்கம் பிறேக் இறுகிப்போய்க் கிடக்கு. கனநாள் ஓடாமல் நிண்ட காரில இது நிறையக் காணலாம்.

கேள்வி: அண்ணா, எனக்கு முன்லைற் மேல எழும்புற அந்த முதல் மொடல்தான் வேணும். சின்ன வயசில இருந்து ஆசை. ஒண்டு பாத்திருக்கிறன், 1990, 1.6, ஜப்பானில இருந்து இறக்கினது, பின்னால 'யூனோஸ்' எண்டு இருக்கு. ரைமிங் பெல்ற் மாத்தின ரசீது இல்லையாம். விடவோ? (ஈஸ்ற்ஹாம் வாசகி)

பதில்: ஆசையை விட வேண்டாம் தங்கச்சி. 1989 பெப்ரவரியில சிக்காகோ கண்காட்சியில மஸ்டா காட்டின அந்தக் கார்தான் இந்த வரிசையின்ர தொடக்கம், 2016இல எம்எக்ஸ்-5 பத்து லட்சம் தாண்டினது. அதே கார் ஜப்பானில 'யூனோஸ் ரோட்ஸ்ரர்' எண்ட பேரில வித்தது. இஞ்ச மாதிரியே ஸ்ரியரிங் வலப்பக்கம் எண்டபடியால் கனக்க இறக்கினவை.

ரைமிங் பெல்ற் ரசீது இல்லாட்டில் மாத்தேல்லை எண்டே கணக்கு வையுங்கோ. 60 ஆயிரம் மைலுக்கு ஒருக்கா மாத்திறது வழமை, வயசு கூடின பெல்ற்றை மைல் பாக்காமலே மாத்தோணும். ஆனா பயப்படத் தேவையில்லை, இந்த எஞ்சினில பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்ரனும் ஒண்டோட ஒண்டு முட்டாது, கார் நடுவழியில நிக்கும், எஞ்சின் உடையாது. மற்றக் கனக்கக் கார்களில அப்பிடி இல்லை. தண்ணிப் பம்பையும் சேத்து மாத்திற செலவை விலையில கழிக்கச் சொல்லிக் கேளுங்கோ.

உங்கட காரில நான் உண்மையாக் கவலைப்படுறது வேற இடம். 1991 நடுப்பகுதிக்கு முதல் வந்த 1.6 எஞ்சினில, பிஸ்ரன்கள் சுத்திற கிராங் தண்டின்ர மூக்கு, அதாவது முன்நுனி, நீளம் குறைஞ்ச கட்டை. முன்னால இருக்கிற புல்லியைப் பிடிக்கிற ஆணி சரியா இறுக்காட்டில் புல்லியையும் தண்டையும் ஒண்டாப் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு அரைபட்டு, தண்டிலயே தேய்மானம் விழும், அது வந்தால் எஞ்சினையே கழட்டுற வேலை. புல்லியின்ர முகத்தில நாலு வெட்டு இருந்தால் கட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. கட்டை எண்டாலும் வாங்கலாம், கனக்க எஞ்சின் அப்பிடியே நல்லா ஓடுது, ஆனா எஞ்சினை ஓட விட்டு மேல இருந்து புல்லியை ஒரு நிமிசம் உத்துப் பாருங்கோ. நேராச் சுத்தோணும். கள்ளுக் குடிச்சவன் மாதிரித் தள்ளாடிச் சுத்தினால் காருக்கு நல்ல சுகத்தைச் சொல்லிட்டு வாங்கோ. இந்தக் காரில முதல்முதல் பெல்ற் மாத்தேக்க அந்த ஆணியைச் சரியான அளவில இறுக்கத் தெரிஞ்ச கையிலதான் குடுக்கோணும்.

ஜப்பானில இருந்து வந்ததுக்கு எம்ஓரி வரலாறு இஞ்ச வந்த வருசத்தில இருந்துதான் இருக்கும், அதுக்கு முதல் ஓடினது கிலோமீற்றரில. மீற்றரை மைலுக்கு எப்ப மாத்தினவை, அப்ப எவ்வளவு இருந்தது எண்டு கடதாசி கேளுங்கோ. ஜப்பான் ரேடியோ இஞ்சத்தை எஃப்எம் ஸ்ரேசன் பெரும்பாலானதை எடுக்காது, அந்தக் கால ஜப்பான் ரேடியோ 76இல தொடங்கி 90 மட்டில முடிஞ்சிடும், அது பழுதில்லை.

எஞ்சினுக்குப் பின்பக்கம், உள்ளுக்கிருக்கிறவையின்ர காலுக்கு நேரே, ஒயில் வழிஞ்சு கியர்பொக்ஸ் மேல இறங்கியிருந்தால் பெரிய சீல் போட்டுது எண்டு பயப்படுத்துவினம். முதல்ல மேல பாருங்கோ, சிலிண்டர் ஹெட்டின்ர பின்னால பூட்டியிருக்கிற ஒரு சென்சரின்ர ரப்பர் வளையம் காய்ஞ்சு ஒழுகிறதுதான் கனதரம். அந்த வளையம் சில்லறைக் காசு, கை நுழைச்சுப் போடுறதுதான் கஷ்டம்.

கூரையின்ர பின்கண்ணாடி அதில பிளாஸ்ரிக், சிப் போட்டிருக்கும். சிப்பைத் திறந்து கண்ணாடியைப் படுக்க வச்சிட்டுத்தான் கூரையை மடக்கோணும், சும்மா மடக்கினால் குளிரில வெடிச்சிடும். விக்கிறவரை ஒருக்கா மடக்கிக் காட்டச் சொல்லிட்டுப் பேசாமல் நில்லுங்கோ. சிப்பைத் திறக்காமல் மடக்கினால் அந்தக் கார் இவ்வளவு நாளும் என்ன பாடு பட்டிருக்கும் எண்டு உங்களுக்கே விளங்கும். தண்ணிப் போத்தில் கதையும் தட்டிப் பாக்கிறதும் மேல எழுதினதுதான், உங்கட காருக்கும் அப்பிடியே பொருந்தும். யூலெஸ்ஸும் அப்பிடித்தான். 40 வயசு தாண்டின கார்களுக்குத்தான் விலக்கு, உங்கட காருக்கு இன்னும் நாள் கிடக்கு.

கேள்வி: 2002 பொக்ஸ்ரர் 2.7, மைல் 60 ஆயிரத்துக்குக் கீழ, புதுச் சின்னக் காரின்ர விலையில கால்வாசிக்குத் தாறாங்கள். எஞ்சினுக்குள்ள ஒரு பெயரிங் உடைஞ்சால் எல்லாம் முடிஞ்சுது எண்டு கூட்டாளி ஒருத்தன் பயப்படுத்துறான். உண்மையோ? (மில்ரன் கீன்ஸ் வாசகர்)

பதில்: உண்மை தம்பி, ஆனா கூட்டாளி சொல்லுற அளவுக்குப் பயப்படவும் வேண்டாம், விக்கிறவர் சொல்லுற அளவுக்கு அலட்சியமும் வேண்டாம். 1996இல இருந்து 2004 வரை வந்த முதல் பொக்ஸ்ரரில கிராங்கில இருந்து, வால்வுகளைத் திறந்து மூடுற கேம் பக்கத்துக்குச் சுத்தலைக் கொண்டுபோற ஒரு இடைத்தண்டு இருக்கு, அதின்ர ஒரு நுனியில மூடி வச்ச குண்டுப் பெயரிங். அதுக்குள்ள இருக்கிற கிரீஸ் காலப்போக்கில கழுவுப்பட்டுப் போக, குண்டு தேய்ஞ்சு உடைஞ்சால் கேம் நேரம் தவறி வால்வு பிஸ்ரன் எல்லாம் அடிபடும். முந்தின எஞ்சின்களில ரெண்டு வரிசைக் குண்டு, 2000 மட்டில ஒரு வரிசையா மாத்தினவை, உடையிறது கூட அந்த ஒரு வரிசைதான். உங்கட 2002 அதுக்குள்ள வருது. மைல் குறைவு எண்டதை நம்பி இருக்க வேண்டாம், நிண்டு நிண்டு வருசத்துக்கு ரெண்டு தரம் ஓடின காரில ஒயிலும் பழசு, பெயரிங்கும் பழசு. ஒழுங்கா ஒயில் மாத்தி ஓடின 90 ஆயிரம் மைல்க் காரை நான் முதல்ல எடுப்பன்.

அந்தப் பெயரிங்கைப் பிடிக்க கியர்பொக்ஸ், கிளச், ஃப்ளைவீல் மூண்டும் இறங்கோணும். அதால கிளச் மாத்தேக்கதான் அதையும் சேத்து மாத்திறது. ஆகவே நீங்கள் கேக்கவேண்டிய கடதாசி கிளச் பில். அதில இந்தப் பெயரிங்கும் பின்பக்கச் சீலும் எழுதியிருந்தால் நிம்மதி. கிளச் மட்டும் மாத்தி இதை விட்டிருந்தால் அந்த வேலைக்கான காசை விலையில கழியுங்கோ. இன்னொண்டு, போர்ஷ் தெரிஞ்ச கராஜ் ஒண்டில ஒயில் ஃபில்டரை எடுத்து வெட்டி, அந்தக் கடதாசி மடிப்பை விரிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. மினுங்கிற இரும்புத்தூள் காந்தத்தில ஒட்டினால் அந்தக் காரில கை வையாதேங்கோ. இந்தக் காரில பொனற் திறந்து எஞ்சினைப் பாக்கவே ஏலாது, நடுவில கிடக்கு, அதால கராஜ் பாக்கிற காசை மிச்சம் பிடிக்க நினையாதேங்கோ. எஞ்சின் போனால் கார் விலைக்கு மேல வரும்.

மிச்சத்தில நீங்களே பாக்கலாம். முன்பம்பரின்ர ரெண்டு பக்க வாய்க்குள்ளயும் ரோச் அடிச்சுப் பாருங்கோ, ரேடியேற்றருக்கு முன்னால இலை குவிஞ்சு அழுகிப்போய் இருக்கும், அந்த ஈரம்தான் ரேடியேற்றரைத் தின்னுது. கூரையைப் பாதி திறந்து, பின்பக்கம் மடிப்புக்குள்ள இருக்கிற தண்ணி ஓட்டையளைப் பாருங்கோ. பொக்ஸ்ரரிலயும் அதே கதைதான், அடைஞ்சால் தண்ணி உள்ளுக்கு வந்து தரையில நிக்கும், ஆனா இதில சீற்றுக்குக் கீழ பூட்டையும் ஸ்ராட்டையும் கட்டுப்படுத்திற பெட்டி வச்சிருக்கினம். அது நனைஞ்சால் கார் உங்களை உள்ளுக்கே விடாது. சீற்றுக்குக் கீழ கையை விட்டுக் கார்ப்பெற்றை அமத்திப் பாருங்கோ.

2009இல போர்ஷ் எஞ்சினையே மாத்தினது, அதில இந்தப் பெயரிங் இல்லை. காசு எட்டினால் அது. ஆனா வீதி வரி ஒருக்காப் பாருங்கோ, 2006 மார்ச் 23க்குப் பிறகு பதிஞ்ச கார் புகை கூட விட்டால் வரியும் நல்லா ஏறும்.

கேள்வி: லொக் புக் விக்கிறவரின்ர பேரில இருக்கு. அது காணும்தானே? (லெஸ்ரர் வாசகர்)

பதில்: காணாது. லொக் புக் எண்டு சொல்லுற அந்த வி5 பதிவுக் கடதாசி காரை வச்சிருக்கிறவர் ஆர் எண்டுதான் சொல்லும், சொந்தக்காரர் ஆர் எண்டு சொல்லாது, அதிலயே அப்பிடி அச்சடிச்சிருக்கு. காரில கடன் பாக்கி கிடக்கோ, களவு போனதோ, அடிபட்டுத் திருத்திறது கட்டாது எண்டு இன்சூரன்ஸ் கைவிட்டதோ எண்டு காசு கட்டிப் பாக்கிற சேவையள் இருக்கு, அதைச் செய்யுங்கோ. 2017 ஒக்ரோபரில இருந்து கைவிட்ட காரில உடம்புச் சட்டம் அடிபட்டது 'எஸ்', சட்டம் அடிபடாதது 'என்'. 'என்' எண்டால் ஒழுங்கான படமும் பில்லும் இருந்தால் யோசிக்கலாம், கூரையில்லாத காரில 'எஸ்' நான் வாங்கமாட்டன். வி5இல இருக்கிற விலாசத்திலயே போய்க் காரைப் பாருங்கோ, கடைத்தெருக் கார்பார்க்கில சந்திப்பம் எண்டால் போகாதேங்கோ.

கேள்வி: ரயர் நாலும் புதுசு மாதிரிக் கிடக்கு, பூக்கூடத் தேயேல்லை. அப்ப அந்தச் செலவு இல்லைத்தானே? (சவுத்ஹோல் வாசகர்)

பதில்: பூவை விட்டிட்டு ரயரின்ர பக்கச் சுவரைப் பாருங்கோ. அதில அச்சடிச்ச வரிசையின்ர கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த திகதி, 2311 எண்டால் 2011ஆம் ஆண்டு 23ஆம் கிழமை. கோடையில மட்டும் வெளியில எடுக்கிற காரில ரயர் தேயாது, காய்ஞ்சு இறுகிப் போகும், மழையில வழுக்கும். பத்து வயசு தாண்டினால் நாலையும் மாத்திற காசைக் கழிச்சுக் கேளுங்கோ. நாலும் நாலு பேரா இருந்தால், அந்தக் காரில காசு செலவழிக்க ஆருக்கும் மனம் வரேல்லை எண்டும் யோசியுங்கோ.

கேள்வி: போன வருசம் எம்எக்ஸ்-5 வாங்கினன், 2003. வாங்கேக்க இதெல்லாம் தெரியாது. இப்ப உள்ளுக்கு ஈர வாடை, மழை நாளில கண்ணாடி முழுக்கப் புகார் பிடிக்குது. (வெம்பிளி வாசகர்)

பதில்: இண்டைக்கே சீற்றுக்குப் பின்னால கார்ப்பெற்றைத் தூக்குங்கோ, கீழ இருக்கிற பஞ்சு பிழிஞ்சால் தண்ணி வடியும். சீற் ரெண்டையும் கழட்டி, கார்ப்பெற்றை வெளியில எடுத்து வெயிலிலயோ ஹீற்றருக்குப் பக்கத்திலயோ நல்லாக் காய விடுங்கோ, மேலால ஹெயர் ட்ரையர் பிடிச்சால் பஞ்சு காயாது. பேந்து ஓட்டை ரெண்டையும் துப்பரவாக்குங்கோ. கூரான கம்பி விட வேண்டாம், உள்ளுக்கிருக்கிற குழாய் கிழிஞ்சால் தண்ணி நேரா 'சில்'லுக்குள்ளதான் போகும். புல்லு வெட்டுற மெசினுக்குப் போடுற நைலோன் நூல் காணும், மெல்ல மெல்லத் திருகி இறக்குங்கோ. எனக்கு ஒருக்கா அந்த வழியால ஒரு கை நிறையப் பைன் ஊசியும், ஒரு சதக் காசும், கறுத்துப்போன சேறும் வந்தது. வந்த பிறகு சுடாத இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்திப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் ஒரே வேகத்தில பின்சில்லுக்கு முன்னால விழுந்தால் கார்ப்பெற்றைத் திரும்பப் போடலாம்.